வீட்டில் பூட்டிய வண்டி: ஒரு வரலாறும் என் வருத்தமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன சாரல் சமயத்தில் ஒரு நாள் காலை செங்கோட்டை ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். ஏழெட்டு ஜீப்புகள் வரிசையாக வந்து டீக்கடை முன்னால் நின்றன. இடுப்பளவு டயர், கண்ணாடி வரைக்கும் சேறு. இறங்கியவர்கள் எல்லாம் இருபது, முப்பது வயதுப் பிள்ளைகள். "எங்க தம்பி போய்ட்டு வாறீங்க?" என்று கேட்டேன். "ரோஸ்மலைக்கு சார்" என்றார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ரோஸ்மலை புதிது இல்லை. செங்கோட்டை, புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறினால் ஆரியங்காவு. அங்கிருந்து செந்துருணிக் காட்டுக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் போல உள்ளே போக வேண்டும். வெகுகாலம் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாத பாதை அது. 1994-ல் ஆசிரியர்கள் ஒன்பது பேர் ஒரே ஜீப்பில் அடைந்துகொண்டு போனோம். ஓடையில் வண்டி இறங்கும்போது எங்கள் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்று சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது. டிரைவர் மட்டும் பீடியை எடுக்காமலே, "பயப்படாதீங்க சார், லோ கியர்ல போட்டிருக்கேன், நாலு வீலும் இழுக்கும்" என்றார்.

டீக்கடை வாசலில் அந்தச் சேற்று ஜீப்புகளைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ரோஸ்மலை மட்டும் இல்லை. என்னிடம் படித்த ஒரு பையனும், அவன் செய்த வண்டியும்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். வாய்ப்பாடு வராது. ஆனால் பள்ளிக்கூடத்துக் கை பம்பு கெட்டுப் போனால் அவன்தான் வாஷரை மாற்றிக் கொடுப்பான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். 2003 வாக்கில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் ஒரு வினோதமான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய ஆட்டோவின் எஞ்சின், காயலான் கடையில் வாங்கிய இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்த கூடு, நாலு சக்கரம், இரண்டு சீட். கதவும் இல்லை, கூரையும் இல்லை. "நானே பூட்டினது சார், ஏறுங்க, ஒரு ரவுண்டு போவோம்" என்றான்.

நான் ஏறவில்லை. "ஏலே, இந்த ஓட்ட ஒடசல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? உருப்படியா ஒரு வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அடுத்த மாதமே ரோட்டில் வைத்து வண்டியைப் பிடித்துவிட்டார்கள். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அபராதம் கட்டி மீட்டு வந்தவன், தன் கையாலேயே அதைப் பிரித்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டான்.

பிடித்தவர்கள் மேல் தப்பு இல்லை. நான் சொன்னதிலும் பாதி சரிதான். மீதிப் பாதி எவ்வளவு தப்பு என்று எனக்கு விளங்க இருபது வருஷம் ஆனது.

கொஞ்சம் பின்னால் போவோம்.

வண்டி என்பது ஆதியிலிருந்தே பூட்டுகிற சாமான்தான். நம் ஊர் மாட்டுவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பைதா செய்கிற ஆசாரி ஒருவர், அதற்கு இரும்புப் பட்டா காய்ச்சிப் போடுகிற கொல்லர் ஒருவர், இருசு, பார், நுகத்தடி எல்லாம் தனித்தனி. கடைசியில் ஒரு இடத்தில் வைத்துப் பூட்டினால் வண்டி. எந்தத் துண்டு கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம்.

மோட்டார் வண்டியும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. கீழே சேஸ் என்கிற இரும்புச் சட்டம். எஞ்சின், ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாம் அதில் உட்காரும். மேலே பாடி. ஆகவே பாடியைக் கழற்றி வேறு பாடி போடலாம். நம் ஊர் பஸ்களும் லாரிகளும் இன்றும் இப்படித்தான். சேஸ் கம்பெனியிலிருந்து வரும். கரூரிலோ நாமக்கல்லிலோ பாடி கட்டுவார்கள்.

இந்த முறையில் உலகத்துக்கே பாடம் நடத்திய வண்டி ஜீப். 1940-ல் அமெரிக்க ராணுவம், காடு மேடு எங்கும் ஏறுகிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் மாதிரி வண்டியைச் செய்து அந்த வருஷம் செப்டம்பர் 23-ல் ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. கப்பலில் இடம் மிச்சம் பிடிக்கப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சிப்பாய்கள் பூட்டிக்கொள்வார்கள். கனடா ராணுவத்து மெக்கானிக்குகள் ஒரு ஜீப்பை முழுசாகப் பிரித்து, மறுபடி பூட்டி, ஓட்டிக் காட்டும் வேடிக்கையை விழாக்களில் நடத்துவது உண்டு. எல்லாம் நாலு நிமிஷத்துக்குள்!

அந்த ஜீப் நம் நாட்டுக்கு வந்ததும் துண்டு துண்டாகத்தான். மஹிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 1945-ல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் கம்பெனி பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. 1947-ல் வில்லிஸ் கம்பெனியிலிருந்து 75 வண்டிகள் பாகங்களாக இறங்கின. பம்பாய் மஸகானில் வைத்துப் பூட்டினார்கள். 1954-க்குப் பிறகுதான் பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வந்த பி.டி.ஓ. ஜீப்பின் பின்னால் புழுதியில் ஓடியிருக்கிறேன். அதன் தாத்தா ஒரு மரப்பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து கடல் தாண்டி வந்தவர் என்று அப்போது யார் சொன்னார்கள்?

நம் மாகாணத்திலும் இந்தப் பூட்டுகிற கலை செழிப்பாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அதற்கான சாதனத்தைச் செய்து கொடுத்ததில் டி.வி.எஸ். கம்பெனிக்குப் பெயர் உண்டு. அதை நிறுவிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட டிஸ்போசல் லாரிகளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் எத்தனையோ பேர் பஸ் முதலாளி ஆனார்கள்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு. இவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்தவர். 1952-ல் இரண்டு பேர் உட்காருகிற பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய்தான் ஆகும் என்றார். அரசாங்கம் உற்பத்திக்கு லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. 1961-லிருந்து அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வந்தது. தென்காசியில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் மட்டும் அல்ல, முன் சக்கரங்கள் கூட வெளியே தெரியும். நாங்கள் பையன்கள் அதைப் பார்க்கவே நிற்போம். இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. அந்தக் காலத்துக் கார்கள் பல சேஸை விட்டுவிட்டு, பாடியையே எலும்புக்கூடாகச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனிச் சேஸில் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய கார். வெளிநாடுகளுக்குப் பாகமாக அனுப்பிப் பூட்டுவதற்கும் அது வசதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

2023 மே மாதம் என் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். கோவென்ட்ரியில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நடந்த வாகனக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெரிய புல்வெளி. நூற்றுக்கணக்கான கார்கள். எல்லாம் வீட்டு ஷெட்டில் ஆட்கள் தாமே பூட்டியவை! கிட் கார் என்று சொல்கிறார்கள். சேஸும் பாடியும் பெட்டியில் வரும். எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் ஆகியவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர், பேக்கரிக்காரர், பள்ளி ஆசிரியர் என்று எல்லா வகை ஆட்களும் தங்கள் வண்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் "சேஸ் எந்தக் காருடையது?" என்று கேட்டேன். "டிரையம்ப் ஹெரால்டு" என்றார். எங்கள் ஊர் டாக்டர் காரின் பங்காளி! பாடியை அவிழ்த்துவிட்டு வேறு பாடி போடத் தோதான கார் என்பதால், அங்கே எத்தனையோ கிட் கார்களுக்கு அடித்தளமே அந்த ஹெரால்டுதானாம்.

அங்கே இந்தப் பழக்கம் வளர்ந்ததற்கு வரியும் ஒரு காரணம். போருக்குப் பிறகு புதுக் காருக்குக் கொள்முதல் வரி கடுமை. பாகங்களாக வாங்கித் தானே பூட்டினால் அந்த வரி இல்லை. காலின் சாப்மன் என்ற இளம் எஞ்சினியர் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற காரை இப்படி விற்றார். பூட்டும் முறையைச் சொல்லும் புத்தகம் கொடுத்தால் வரி வரும் என்பதால், பிரிக்கும் முறையைச் சொல்லும் புத்தகம் கொடுத்தாராம், தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள் என்று! இதை அங்கே ஒரு கதையாகவே சொல்கிறார்கள். 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. பூட்டுகிற ஆசை மட்டும் போகவில்லை.

கண்காட்சியின் ஒரு மூலையில் மண்மேடு, பள்ளம், சேற்றுக் குட்டை எல்லாம் வைத்து ஒரு பாதை. அங்கே ஒரு கிளப்காரர்கள் தாங்கள் பூட்டிய வண்டிகளில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டினார்கள். பழைய ரேஞ்ச் ரோவரின் சேஸ் மேல் இரும்புக் குழாய்க் கூடு. கதவும் இல்லை, கூரையும் இல்லை. எனக்குத் திக்கென்றது. என் வீட்டு வாசலில் நின்ற அதே வண்டி!

"ஏறுங்கப்பா" என்றான் மகன். இந்தத் தடவை ஏறினேன். ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். பெல்ட்டைத் தானே இழுத்துப் பார்த்தார். தலைக்கவசம் கொடுத்தார். கையை வெளியே நீட்டக் கூடாது என்றார். அப்புறம் லோ கியரைப் போட்டுச் செங்குத்தான மேட்டில் நத்தை மாதிரி ஏற்றினார். மேலே போனதும் வானம் மட்டும் தெரிந்தது. இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே இல்லை, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. நம் ரோஸ்மலை டிரைவர் செய்த அதே வித்தை. வேகமாக எஞ்சின் சுற்ற, சக்கரம் மெதுவாகச் சுற்றும். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குவது. கிணற்றுச் சகடைகளை ஜோடி சேர்த்துக் கட்டி, அதிக நீளம் கயிறு இழுத்துக் குறைந்த பலத்தில் பாரம் தூக்குவோமே, அந்தக் கணக்கு. வாய்ப்பாடு வராத என் மாணவனுக்கு அந்தக் கணக்கு கையில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

இறங்கியதும் மகனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன், "இதை ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்காதா?" அவர் சொன்னது இது. வீட்டில் பூட்டிய வண்டியை ஒரு பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, பெல்ட் மாட்டியிருக்கும் இடம், புகை, குத்துகிற கூர்முனை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒன்றில் தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரி செய்து மறுபடி வர வேண்டும். தேறினால் பதிவு எண். 1998-ல் ஒரு முறையாக வந்து, 2009-ல் இன்னும் இறுக்கமாக்கப்பட்டது. பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்து, வயது சொல்ல முடியாத வண்டி என்றால் க்யூ என்ற எழுத்தில் எண் தொடங்கும். பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. புரூஸ் மேயர்ஸ். படகு செய்கிறவர். 1964-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை ஃபைபர் பாடி ஒன்றில் மாட்டி, மணலில் ஓடும் வண்டி செய்தார். மேயர்ஸ் மேங்ஸ் என்று பெயர். 1967-ல் மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை ரோடே இல்லாத நிலத்தில் 34 மணி 45 நிமிஷத்தில் ஓட்டிச் சாதனை செய்தார். சுமார் 6,000 கிட்டுகள் விற்றார். அவர் செய்ததைப் பார்த்துப் பல கம்பெனிகள் காப்பி அடித்தன. வழக்குப் போட்டுத் தோற்றார். 2021-ல் 94 வயதில் காலமானார்.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புது வண்டியைச் செய்து விற்க வேண்டும் என்றால் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கு அது சரி. ஒரு மெக்கானிக் தன் கையால் பூட்டிய ஒற்றை வண்டியைக் கொண்டுபோய், "பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்று நிற்க ஒரு எளிய வாசல் நம்மிடம் இல்லை. சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய பைக் எஞ்சின் மாட்டி ஓட்டினார்களே, அதுவும் நீதிமன்றம் வரை போனது.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத வண்டி வந்தால் அதற்கு முன்னால் நடந்து போவது என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். நம் ரோட்டு நெரிசலுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும். ஆனால் கண்டிப்பு மட்டும் போதுமா?

ரோடு இல்லாத இடத்தில் நாமும் நன்றாகவே செய்திருக்கிறோம். கோயம்புத்தூர் கரிவர்தன் என்பவர் 1980-களின் கடைசியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை ஆள் ரேஸ் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நம் நாட்டுப் பையன்கள் பலர் அதில்தான் பழகினார்கள். 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிப்பாளையம் ரேஸ் மைதானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 2005-ல் ஃபார்முலா ஒன் போட்டியில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அந்த ஊர்ப் பிள்ளைதான்.

இன்னொன்று, 2007-லிருந்து எஞ்சினியரிங் மாணவர்களுக்கு நடக்கும் பாஹா போட்டி. மேலே சொன்ன தீபகற்பத்தின் பெயர்தான் அதற்கும். மாணவர்கள் குழாயை வளைத்து, வெல்டிங் வைத்து, கரடுமுரடான பாதையில் ஓடும் ஒற்றை ஆள் வண்டியைத் தாங்களே செய்ய வேண்டும். வடிவக் கணக்கு, பிரேக் எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் ஓட விடுவார்கள். கடைசியில் நாலு மணி நேரம் குழியிலும் கல்லிலும் விடாமல் ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் நிறையப் போகின்றன. லாரியில் ஏற்றிப் போய், மூடிய மைதானத்தில் இறக்கி, ஓட்டிவிட்டு ஏற்றி வருகிறார்கள். ரோட்டில் ஒரு அடி கூட ஓடாது. சட்டத்தோடு சண்டையும் இல்லை.

என் வருத்தம் இங்கேதான். அந்த மைதானம் கல்லூரியில் சேர்ந்தவனுக்குத் திறந்திருக்கிறது. எட்டாவதோடு நின்று, பட்டறையில் கை கறுத்தவனுக்கு இல்லை. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் ஒர்க்‌ஷாப் பையன்களுக்கும் மாவட்டத்துக்கு ஒரு மைதானம், வருஷத்துக்கு ஒரு நாள், சோதித்துப் பார்க்க இரண்டு எஞ்சினியர்கள். பெரிய செலவா இது? அன்றைக்கு நான் அவனிடம், "ரோட்டுல ஓட்டாதலே, பிடிச்சிருவாங்க. ஆனா நல்லாச் செஞ்சிருக்க. எப்படிச் செஞ்சன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டிருக்கலாம். அதற்கு மைதானம் கூட வேண்டாம். இதைக் கேட்பதுதான் வாத்தியாருக்கு வேலை.

ஊருக்குத் திரும்பியதும் அவனைத் தேடிப் போனேன். இப்போது நாற்பத்தைந்து வயது. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். கண்காட்சியில் எடுத்த போட்டோக்களைக் காட்டி, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார் இப்பம்" என்று சிரித்துவிட்டான். துணியில் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கினான். ஒவ்வொரு படத்தையும் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தான். குழாய்க் கூடு வண்டி வந்ததும் நிறுத்திவிட்டான். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்:

"சார், இவங்க ஸ்டியரிங் ராட எந்த இடத்துல புடிச்சிருக்காங்க? எனக்கு அதுதான் சரியா வரல."

எனக்குத் தெரியவில்லை. மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டு, படமும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் ஊரிலும் இப்படிக் கையால் வண்டி பூட்டியவர்கள் இருந்தால், அந்த வண்டியின் கதையை எழுதுங்கள். படித்துத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன், உங்கள் ஓய்வுபெற்ற வாத்தியார், தென்காசி.